மலையில் ரைபிள் வாங்குவது: ஸ்பிரிங்கா, பிசிபியா, .22-ஆ?

நீலகிரியில் குறி பார்த்துச் சுடும் விளையாட்டில் இறங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த ஸ்கோப் நல்லது?" என்றுதான். ரைபிளே இன்னும் வாங்கியிருக்க மாட்டார்கள். எங்கே வைத்துச் சுடுவது என்றும் யோசித்திருக்க மாட்டார்கள். என் கணக்கில் வரிசை தலைகீழ். சுடுவதற்குக் கையில் என்ன இடம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அது தெரிந்தால் ரைபிள் பாதி முடிவாகிவிடும். மீதிப் பாதியை இந்த மலைக் காற்று முடிவு செய்யும். ஸ்கோப் கடைசியில்தான், அதுவும் தேவைப்பட்டால்.

கடையில் நம் முன்னால் இருப்பவை மூன்று. குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் ஏர் ரைபிள். சிலிண்டரில் காற்றை அடைத்து வைத்துக்கொண்டு சுடும் பிசிபி. உரிமம் வாங்கிச் சுடும் .22 ரைபிள், அதாவது 0.22 அங்குலக் குழலில் வெடிமருந்துத் தோட்டா போட்டுச் சுடுவது. ஆசை என்னவோ எல்லோருக்கும் நான்காவதின் மேல்: யூடியூபில் பார்க்கும் செமி ஆட்டோமேட்டிக் .22. அதை முதலில் பேசி முடித்துவிடலாம், இல்லாவிட்டால் கட்டுரை முழுக்க அதுதான் மனதில் ஓடும்.

அமெரிக்காவில் இருக்கும் கல்லூரி நண்பன் ஒருவனிடம் ரூகர் 10/22 இருக்கிறது. 1964-இல் வந்த மாடல், இன்றும் விற்பனையில் இருக்கிறது. தோட்டா வெடிக்கும் விசையிலேயே, குழலின் பின்வாயை அடைத்திருக்கும் போல்ட் பின்னால் போகும், வெற்றுக்கூடு வெளியே தெறிக்கும், ஸ்பிரிங் போல்ட்டை முன்னே தள்ளும்போது 10 தோட்டா பிடிக்கும் சுழல் மேகசினிலிருந்து அடுத்தது ஏறும். ஒவ்வொரு தடவை ட்ரிக்கரை இழுக்கும்போதும் ஒரு குண்டு. அந்த ரைபிளுக்கு அவ்வளவு மவுசு வரக் காரணம் அதன் கட்டுமானம். குழல், இரண்டு திருகும் ஒரு சிறு பிடிப்புக் கட்டையும் வைத்துத்தான் நிற்கிறது. ட்ரிக்கர் தொகுதி இரண்டு பின்னில் தொங்குகிறது. "ஒரு சாயங்காலத்துல குழல், ட்ரிக்கர், ஸ்டாக் எல்லாத்தையும் மாத்திட்டேன்டா, பேருக்கு மட்டும்தான் இது பழைய துப்பாக்கி" என்று போனில் பெருமை அடித்தான். ஸ்டாக் என்பது தோளில் ஊன்றிப் பிடிக்கும் கட்டை. கனமான குழல் போட்டால் நடுக்கம் குறையும், ட்ரிக்கரை இலகுவாக்கினால் இழுக்கும்போது முனை அசையாது, மேல்பக்கத்தில் ஸ்கோப் பட்டைக்கான துளைகள் தொழிற்சாலையிலேயே போட்டிருக்கும். பொழுதுபோக்காக மாற்றிப் பார்க்க இதைவிட வசதியான ரைபிள் இல்லை என்பது உண்மைதான்.

ஆனால் இங்கே? நம் ஆயுத விதிகளில் செமி ஆட்டோமேட்டிக் ரைபிள் கட்டுப்பாடு மிகுந்த வகையில் வருகிறது. கலெக்டர் ஆபீசில் சாதாரண உரிமத்துக்கு மனுப் போட்டுக் கிடைக்கிற சாமான் இல்லை. அதோடு 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு ஆயுதத்தைத் தயாரிப்பது, விற்பது மட்டுமல்லாமல் மாற்றி அமைப்பதையும் பழுது பார்ப்பதையும் உரிமத்துக்குள் கொண்டுவருகிறது. அவன் ஒரு சாயங்காலத்தில் செய்ததை இங்கே யாராவது வீட்டு மேசையில் செய்தால் பின்னால் கேஸ்தான். நம் நாடு மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனில் 1988-க்குப் பிறகு செமி ஆட்டோமேட்டிக்கில் .22 ரிம்ஃபயர் ரைபிளை மட்டுமே விட்டுவைத்தார்கள். ஆஸ்திரேலியாவில் 1996-க்குப் பிறகு அந்த .22-க்கும் விவசாயி போலத் தனிக் காரணம் காட்ட வேண்டியிருக்கிறது. அங்கே குடியேறிய நம்மவர்கள் ஊர் வழக்கத்தை நம்பி வாங்கப் போய்விடாமல் இருக்க இதைச் சொல்கிறேன்.

சட்டத்தைத் தள்ளி வைத்தாலும், குறி பழகுகிறவருக்கு செமி ஆட்டோ முதல் தேர்வாக இருக்க வேண்டியதில்லை. ஒலிம்பிக் ரைபிள் போட்டிகள் எல்லாமே ஒவ்வொரு குண்டாக ஏற்றிச் சுடுபவை. செமி ஆட்டோவில் போல்ட்டின் எடையும் ஸ்பிரிங்கும் வேகத் தோட்டாவுக்கு ஏற்றபடி அமைத்திருப்பார்கள். மென்மையான, குறி தவறாத மேட்ச் தோட்டாவை, அதாவது போட்டிக்கென்று செய்ததைப் போட்டால் போல்ட் முழுசாகப் பின்னால் போகாமல் சிக்கிக்கொள்வது உண்டு. குளிரில் கிரீஸ் இறுகினால் இன்னும் மோசம். ஜனவரிக் காலையில் ஊட்டியில் புல்மேல் உறைபனி கிடக்கும்போது கெட்டியான எண்ணெய் போட்ட எந்த போல்ட்டும் சோம்பித்தான் நகரும். கையால் இழுக்கும் போல்ட் ரைபிளுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

சரி, இடத்துக்கு வருவோம்.

எஸ்டேட் சரிவில் நின்று பார்த்தால் எதிர்மேடு முழுக்க மண்சுவர் மாதிரி தெரியும். குண்டு அதில் போய்ப் புதைந்துவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் தேயிலைச் செடி வரிசைக்குள் குனிந்து கொழுந்து பறிக்கும் அக்காக்கள் இந்தப் பக்கத்திலிருந்து கண்ணுக்கே படமாட்டார்கள். சரிவின் குறுக்கே எங்கோ ஓர் ஒற்றையடிப் பாதை ஓடும், அதில் பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். சில்வர் ஓக் நிழலில் காட்டெருமை படுத்திருக்கும். .22 குண்டு ஒன்றரை கிலோமீட்டருக்கு மேலும் போகக்கூடியது. ஏர் ரைபிளில் போடும் சிறு ஈயக்குண்டான பெல்லட்டே சில நூறு மீட்டர் போகும். பாறையில் பட்டால் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. ஆகவே திறந்த சரிவில் .22 என்ற பேச்சே வேண்டாம். அதற்கு உரிய ரேஞ்ச் வேண்டும், அதாவது கிளப்பில் சேர வேண்டும்.

மலையில் நிறையக் கிடைப்பது கூரையுள்ள 10 மீட்டர். மூடிக்கிடக்கும் தேயிலை ஃபேக்டரிகளில் இலை வாட்டும் நீண்ட மாடியைப் பார்த்திருக்கிறீர்களா? பலகைத் தரை, இரண்டு பக்கமும் ஜன்னல், ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை தடையே இல்லாத நீளம். காற்று குறுக்கே அடிக்காது, மூடுபனி உள்ளே வராது. பின்னால் தடித்த மரப்பெட்டியில் பழைய ரப்பரும் துணியும் இறுக்கி அடைத்து, அதற்குப் பின்னால் இரும்புத் தகடு நிறுத்தினால் நல்ல ஏர் ரைபிள் தளம் தயார். கதவு சுடுகிறவருக்குப் பின்னால் மட்டும் இருக்க வேண்டும், பக்கவாட்டுக் கதவை ஆணி அடித்தே மூடிவிடலாம். கண்ணாடி போடாமல் யாரையும் உள்ளே விடக் கூடாது. அப்படி ஒரு மாடியோ நீளமான கார் ஷெட்டோ உங்களுக்கு உண்டென்றால், ஏர் ரைபிள் என்று முடிவு செய்துகொண்டு மேலே படியுங்கள்.

ஏர் ரைபிளுக்கு உரிமம் வேண்டாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதற்கு வரம்பு உண்டு: குழல் 4.5 மில்லிமீட்டர், அதாவது .177, ஆற்றல் 20 ஜூலுக்குள். அதைத் தாண்டினால் உரிமம். வாங்கும்போது அடையாளச் சான்று கேட்பார்கள், பில்லைப் பத்திரமாக வையுங்கள். இன்னொன்று: "குரங்கை விரட்டத்தான்" என்று சொல்லிக்கொண்டு வாங்குகிறவர்கள் இங்கே நிறைய. குரங்கு, மலபார் அணில், மயில், காட்டெருமை எல்லாம் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. பெல்லட் பட்டு ஒன்று செத்தால் உரிமம் தேவையில்லாத துப்பாக்கி என்ற சமாதானம் வனத்துறையிடம் எடுபடாது. குரங்குக்குப் பட்டாசோ, வலையோ, நாயோ பாருங்கள்.

இப்போது ஸ்பிரிங்கும் பிசிபியும். மலைக்காரர் கொஞ்சம் நிதானித்து யோசிக்க வேண்டியது இங்கேதான், ஏனென்றால் கடைக்காரர்களும் வீடியோக்காரர்களும் சமவெளிக் கணக்கைத்தான் சொல்வார்கள்.

ஸ்பிரிங் ரைபிளின் நல்ல குணம், அது யாரையும் நம்பி இல்லை. குழலை மடக்கு, பெல்லட்டை வை, சுடு. பம்பும் சிலிண்டரும் கிடையாது. விலையும் குறைவு. பழைய டயானா கம்பெனி ரைபிள் ஒன்று எஸ்டேட் பங்களா பீரோவில் முப்பது நாற்பது வருஷமாகக் கிடந்து, தோல் வாஷருக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டதும் மறுபடி வேலை செய்வதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அது சுடும் காற்றை அந்த நேரத்தில்தான் உள்ளே பிடிக்கிறது. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர். இங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குதான். பிஸ்டனுக்கு முன்னால் மெத்தையாக இருக்க வேண்டிய காற்று குறைந்துபோகிறது. பெல்லட்டின் வேகம் குறையும், பிஸ்டன் கொஞ்சம் பலமாகப் போய் முட்டும், தோளில் அந்த அதிர்வு தெரியும். அதைச் சரிக்கட்ட "ஹெவி ஸ்பிரிங்" போடச் சொல்வார்கள். போட்டால் முட்டல் இன்னும் கூடுமே தவிர குறி கூடாது. கூடவே 20 ஜூல் வரம்பைத் தாண்டுகிறோமா என்ற கவலை வேறு.

இன்னொரு தொல்லை அதன் உதை. சாதாரணத் துப்பாக்கி பின்னால் மட்டும் உதைக்கும். ஸ்பிரிங் ரைபிள் முதலில் பின்னால், உடனே முன்னால் என்று இரண்டு தடவை குலுங்கும், அதுவும் பெல்லட் குழலை விட்டு வெளியேறும் முன்பே. அதனால் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரித் தளர்வாகப் பிடித்தால்தான் குண்டுகள் ஓரிடத்தில் விழும். இறுக்கிப் பிடித்தால் ஒரு இடம், மூட்டைமேல் வைத்தால் வேறு இடம். பொறுமையாகக் கற்றுக்கொள்கிறவருக்கு இது நல்ல வாத்தியார். அவசரக்காரருக்கு வெறுத்துப்போகும்.

பிசிபிக்கு உதை கிட்டத்தட்ட இல்லை. 200 பார் அழுத்தத்தில் காற்று முன்பே உள்ளே இருப்பதால் வெளிக்காற்று மெலிந்ததா தடித்ததா என்பது அதற்குப் பொருட்டில்லை. ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அழுத்தத்தை அளந்து விடும் ரெகுலேட்டர் வைத்த மாடலாக இருந்தால் முதல் குண்டும் முப்பதாவது குண்டும் ஒரே வேகத்தில் போகும். ரெகுலேட்டர் இல்லாவிட்டால் நடுவில் உள்ள குண்டுகள் மட்டும்தான் சீராக இருக்கும், முதலிலும் முடிவிலும் மேலே கீழே அலையும். முன்பெல்லாம் பிசிபி என்றாலே இறக்குமதி. இப்போது பிரிசிஹோல் போன்ற நம் நாட்டுக் கம்பெனிகளே செய்கின்றன. ஸ்பிரிங்கைவிட விலை அதிகம்தான், ஆனால் எட்டாத உயரத்தில் இல்லை.

செலவு பம்பில்தான் இருக்கிறது, அதாவது உடம்புச் செலவு. கைப்பம்பு ஒவ்வொரு அடிக்கும் உள்ளே இழுப்பது இந்த மெலிந்த காற்றைத்தான். மேட்டுப்பாளையத்தில் 100 அடியில் நிரம்பும் சிலிண்டர் ஊட்டியில் ஏறக்குறைய 125 அடி கேட்கும். சும்மா நடந்தாலே மூச்சு வாங்கும் உயரத்தில் அந்த 25 அடி நன்றாகவே உறைக்கும். பம்பும் சூடேறும், நடுவில் நிறுத்தி ஆறவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் போய்விடும்.

அடித்து முடித்து அடிவால்வைத் திறக்கும்போது உஸ்ஸென்று வெள்ளையாக ஒரு மூச்சு வரும். உள்ளங்கையை எதிரே பிடித்தால் சின்னச் சின்ன நீர்த்துளி ஒட்டும். காற்றை இவ்வளவு அமுக்கினால் அதிலுள்ள ஈரம் தண்ணீராக மாறித்தான் தீரும். மூடுபனியில் பம்ப் அடிக்காதே, தண்ணீர் ஏறிவிடும் என்று பலரும் எச்சரிப்பார்கள். உண்மையில் சமவெளியின் வெக்கைக் காற்றில்தான் ஈரம் அதிகம், குளிர்ந்த காற்றால் அவ்வளவு நீரைத் தாங்க முடியாது. நம் பிரச்சினை வேறு: இங்கே உள்ளே போன ஈரம் காயாது. ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட ஃபில்டர் பம்பில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், மணிகள் நிறம் மாறியதும் மாற்றுங்கள். வால்வுக்கு சிலிக்கான் எண்ணெய் மட்டுமே. தையல் மெஷின் எண்ணெய் போன்ற பெட்ரோலிய எண்ணெய், அழுத்தக் காற்றோடு சேர்ந்தால் தீப்பிடிக்கும். ஸ்பிரிங் ரைபிளின் அறைக்குள்ளும் அதே கதைதான், குண்டு டமால் என்று வெடித்துப் போவதைப் பார்த்துப் "பவர் ஏறிடுச்சு" என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. உள்ளே வாஷர் எரிந்துகொண்டிருக்கும்.

அழுத்தமானி பற்றியும் ஒரு வார்த்தை. மத்தியானம் 25 டிகிரியில் 200 பார் நிரப்பி வைத்தால், விடியற்காலை 5 டிகிரியில் முள் 187 பக்கம் நிற்கும். கசிவு என்று நினைத்து ரைபிளைப் பிரித்துவிடாதீர்கள், வெயில் ஏறினால் முள்ளும் ஏறும். அதே காரணத்தால் விடியற்காலையில் முழுசாக நிரப்பிய சிலிண்டரை வெயிலில் நிற்கும் காருக்குள் போட்டுவிட்டுப் போகக் கூடாது.

.22 போல்ட் ரைபிளின் இடம் இந்த ஒப்பீட்டில் தனி. வீட்டுக்கு வாங்கும் சாமானாக அதைப் பார்க்கவே வேண்டாம். மாவட்ட ரைபிள் கிளப், மாநிலச் சங்கம், தேசிய ரைபிள் சங்கம் என்ற ஏணியில் ஏறுகிறவருக்கு அது இரண்டாவது படி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கியது .22-இல், 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில். அங்கே பத்துப் புள்ளி வட்டம் 10.4 மி.மீ., சட்டைப் பொத்தான் அளவு. மலையில் .22 சுடுகிறவர் ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டால் போதும்: ஒலியின் வேகம் குளிரில் குறைகிறது. 30 டிகிரியில் விநாடிக்கு 349 மீட்டர், 10 டிகிரியில் 337. மேட்ச் தோட்டா 330-க்குக் கீழே கிளம்புவதால் அந்த எல்லையைத் தொடாமல் அமைதியாகப் போகும். 380-இல் கிளம்பும் வேகத் தோட்டா வழியில் ஒலியெல்லையைக் கீழ்நோக்கிக் கடக்க வேண்டும், அந்த இடத்தில் குண்டு தடுமாறும். வேகமான தோட்டா நேராகப் போகும் என்று நம்பி அதிகக் காசு கொடுப்பவர்கள் 50 மீட்டர் அட்டையைப் பார்த்துக் குழம்புவது இதனால்தான்.

இனி ஸ்கோப். சித்தப்பா மகன் பிசிபி வாங்கிய அன்றே கேட்டான்: "அண்ணா, ஸ்கோப் போட்டா எல்லாம் பத்துலதானே விழும்?" விழாது. ஸ்கோப் உங்கள் நடுக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டும், அதைக் குறைக்காது. 10 மீட்டரில் போட்டிக்குப் பழகுவதாக இருந்தால் ஸ்கோப்புக்கு இடமே இல்லை. சர்வதேச விதிப்படி ரைபிளில் தொலைநோக்கி பொருத்தக் கூடாது. பின்னால் துளை, முன்னால் வளையம், அவ்வளவுதான். அந்தத் துளைப் பார்வை கேவலமானது என்று நினைத்துவிடாதீர்கள். 10 மீட்டர் ஏர் ரைபிள் அட்டையின் நடுப்புள்ளி வெறும் அரை மி.மீ. 2008-இல் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியதும் அப்படிப்பட்ட துளை வழியாகப் பார்த்துத்தான்.

மூன்றாவது வகை, ஏர் கன்னோடு வரும் சாதாரண வி வடிவக் குறி. இளம் கண்ணுக்குச் சரி. நாற்பதைத் தாண்டியவர்களுக்குப் பின்குறி, முன்குறி, அட்டை மூன்றும் ஒரே சமயத்தில் தெளிவாகத் தெரியாது. அவர்களுக்குத் துளைப் பார்வை நிம்மதி தரும், ஏனென்றால் துளையைப் பார்க்கவே வேண்டாம், கண் தானாக நடுவில் போய் நிற்கும். போட்டி எண்ணமே இல்லாமல் 25 மீட்டர், 50 மீட்டரில் தகரத் தட்டு சுட்டு மகிழ நினைக்கும் நடுவயதுக்காரருக்கு ஸ்கோப் நியாயமான செலவு.

ஸ்கோப் என்று முடிவானால் எத்தனை மடங்கு பெரிதாக்குகிறது என்று பார்க்காமல் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, அருகே ஃபோகஸ் செய்யும் வளையம் இருக்கிறதா. பெரிய துப்பாக்கி ஸ்கோப்பெல்லாம் 100 கஜத்துக்கு அமைத்து வரும். அதில் 10, 15 மீட்டர் அட்டை மங்கலாகத் தெரியும், கண்ணைக் கொஞ்சம் நகர்த்தினாலே குறுக்குக் கம்பியும் நகரும். இரண்டு, ஸ்பிரிங் ரைபிளுக்கு என்றால், ஏர் கன்னுக்கென்றே செய்ததா. இரண்டு பக்க உதையைத் தாங்காமல் நல்ல விலை ஸ்கோப்பும் உள்ளே கம்பி கழன்று சாகும். ஸ்கோப்பை ரைபிளோடு பிடித்து நிறுத்தும் மவுண்டை ஒரே துண்டாக வாங்கி, அதன் அடியில் இருக்கும் நிறுத்து முள்ளை ரைபிளின் மேல் துளையில் உட்கார வையுங்கள். இல்லாவிட்டால் சுடச் சுட ஸ்கோப் பின்னால் ஊர்ந்துகொண்டே வரும். பிசிபியில் இந்தக் கவலை எதுவும் இல்லை, சாதாரண இரண்டு வளையம் போதும்.

பொருத்தும் விதம் எளிது, அவசரப்பட்டால்தான் கெடும். வளையத் திருகுகளை ஒரே பக்கமாக முறுக்காமல் குறுக்குமறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். எதிரே ஒரு நூலில் கல் கட்டித் தொங்கவிட்டு, செங்குத்துக் கம்பி நூலோடு ஒட்டி நிற்கிறதா என்று பார்த்துவிட்டுக் கடைசி முறுக்கு. அப்புறம் ஸீரோ, அதாவது குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைத் திருகிச் சரிசெய்வது. ஒரு கிளிக் கால் எம்ஓஏ (எம்ஓஏ என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) என்று ஸ்கோப்பில் போட்டிருந்தால் அது 100 மீட்டரில் 7 மி.மீ. நகர்த்தும், 25 மீட்டரில் 2 மி.மீ.-க்குக் கொஞ்சம் குறைவு. 25 மீட்டரில் குண்டு 2 செ.மீ. தாழ்ந்தால் 11 கிளிக் மேலே. ஒரு குண்டைப் பார்த்துத் திருகாதீர்கள், ஐந்து சுட்டு நடுவைப் பாருங்கள். 25-இல் சரியாக்கிய ரைபிள் 10 மீட்டரில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தாழ்ந்து அடித்தால் பயப்பட வேண்டாம். ஸ்கோப் குழலுக்கு நாலு விரல் உயரத்தில் இருக்கிறது, பார்வைக் கோடும் குண்டு போகும் கோடும் கிட்டத்தில் இன்னும் சேரவில்லை, அவ்வளவுதான்.

மலைக்கென்று இரண்டு திருத்தம். சமவெளியில் ஸீரோ செய்த பிசிபியை மேலே கொண்டுவந்தால் 50 மீட்டரில் குண்டு சற்று உயரும், காற்றின் தடை குறைவு. மேடு பள்ளத்தில் சுடும்போதும் அப்படியே. சரிவில் 30 டிகிரி சாய்ந்து 50 மீட்டர் என்றால் புவியீர்ப்புக்குக் கணக்கு 43 மீட்டர்தான். ஏற்றமோ இறக்கமோ, இரண்டிலும் குண்டு மேலேதான் போகும்.

லென்ஸ் பனிப்பது பற்றி எல்லோரும் புலம்புவார்கள். உள்ளே நைட்ரஜன் நிரப்பிய ஸ்கோப்பில் உட்பக்கம் பனிக்காது. வெளிப்பக்கம் பனிப்பது குளிரில் கிடந்த ரைபிளைக் கணப்பு மூட்டிய அறைக்குள் கொண்டுவந்து உடனே உறையைக் கழற்றுவதால். உறையோடு ஒரு மணி நேரம் விட்டால் போதும். இந்தப் பழக்கம் குழலில் துரு பிடிப்பதையும் பாதி குறைக்கும்.

மாற்றங்களுக்குக் காசு ஒதுக்குகிறவர்களுக்கு என் வரிசை: முதலில் பெல்லட். ஒரே ரைபிளில் 4.50, 4.51, 4.52 என்று தலை அளவு மாறும்போதே குண்டுகள் விழும் வட்டம் மாறும். நாலைந்து வகை வாங்கி, தட்டையான தலை 10 மீட்டருக்கும் உருண்ட தலை 25-க்கு மேலும் என்று சுட்டுப் பார்த்து, ரைபிளுக்குப் பிடித்ததை மொத்தமாக வாங்குங்கள். காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், மழைக்காலத்தில் ஈயம் வெள்ளைப்பொடி பூத்துவிடும். அடுத்து ஸ்டாக். பின்தட்டின் நீளம், கன்னம் வைக்கும் உயரம் இரண்டும் உடம்புக்குப் பொருந்தாத ரைபிளில் எத்தனை சாமான் பூட்டினாலும் வீண். அதன் பிறகு ட்ரிக்கர், அதுவும் கம்பெனி கொடுத்த சரிசெய்யும் திருகு அளவுக்குள். அரத்தை எடுத்து உள்ளே ராவ ஆரம்பித்தால் கீழே வைக்கும்போதே சுட்டுவிடும் ரைபிள்தான் கிடைக்கும். பவர் கூட்டுவது என் பட்டியலிலேயே இல்லை. போட்டி ஏர் ரைபிளே ஏறத்தாழ 7.5 ஜூலில்தான் சுடுகிறது.

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு இரண்டு விதமாக முடிந்தது. சித்தப்பா மகனுக்கு ஷெட் 25 மீட்டர் இருக்கிறது, போட்டி ஆசை இல்லை, பம்ப் அடிக்கத் தெம்பு இருக்கிறது. ரெகுலேட்டர் பிசிபி, அருகே ஃபோகஸ் ஆகும் நடுத்தர ஸ்கோப். அவனுக்கு அது சரி. குன்னூரில் கல்லூரியில் படிக்கும் அக்கா மகள் மாநிலப் போட்டிவரை போக வேண்டும் என்கிறாள். "மாமா, முதல்ல சாதாரண ஸ்பிரிங் வாங்கிப் பழகிட்டு அப்புறம் மாத்திக்கலாமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். ஸ்பிரிங்கின் தளர்ந்த பிடியைப் பழகிவிட்டு, போட்டி ரைபிளின் இறுக்கமான நிலைக்கு மறுபடி உடம்பை மாற்றுவது இரட்டை வேலை. கிளப்பில் இருக்கும் போட்டி ரைபிளிலேயே முதல் வருஷம் சுடட்டும், வீட்டில் சுவரில் ஒட்டிய புள்ளியைப் பார்த்து வெறும் ரைபிளோடு நின்று பழகட்டும். 75 நிமிடத்தில் 60 குண்டு சுடும் போட்டிக்கு வேண்டியது முதுகும் காலும்தான், அதற்குப் பெல்லட்கூடத் தேவையில்லை. அவளுக்கு இப்போதைக்கு நான் வாங்கிக் கொடுத்தது சுடும்போது போடும் கான்வாஸ் ஜாக்கெட்டும், வழுக்காத அடிப்பாகம் உள்ள ஷூவும். போட்டி ரைபிள் கம்பெனிகளில் ஃபைன்வெர்க்பாவா, வால்தரா என்ற பேச்சை அவள் மதிப்பெண் நிலைத்த பிறகு எடுத்தால் போதும், அதற்குள் அந்தப் பக்கத்துச் சீனியர்கள் யாராவது பழையதை விற்பார்கள்.